பட்டியலில் இல்லாத எழுத்துப்பிழை: கச்சான் ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தையின் ஃபிலாக்ரின் மரபணு பற்றிய நிகழ்வு ஆய்வு

லண்டனின் புறநகரில் வாழும் ஒரு யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தின் மூத்த பெண் குழந்தையைப் பற்றிய பதிவு இது. பெற்றோரின் சம்மதத்துடன் எழுதப்படுகிறது. குடும்பத்தை அடையாளம் காண முடியாதபடி வயது, எண்கள் போன்ற சில விவரங்கள் சற்றே மாற்றப்பட்டுள்ளன. "மரபணு மாற்றம் இல்லை" என்று வந்த ஒரு அறிக்கையை எல்லோரும் நம்பியதால் ஏறத்தாழ ஒரு வருடம் வீணானது. அந்த அறிக்கையில் இருந்த எந்தச் சொல்லும் பொய் இல்லை. அது எந்தக் கேள்விக்கான பதில் என்பதைத்தான் யாரும் படிக்கவில்லை.

பின்னணி

குழந்தைக்கு மூன்றாம் மாதம் கன்னத்தில் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி) தொடங்கியது. ஐந்தாம் மாதத்துக்குள் முழங்கை மடிப்பு, கணுக்கால், கழுத்து என்று பரவியது. குடும்ப மருத்துவர் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பும் ஈரப்பூச்சும் எழுதிக்கொடுத்தார். ஸ்டீராய்டு என்ற சொல்லுக்குப் பயந்து களிம்பை மிக மெல்லிசாக, இரண்டு நாள் மட்டும் பூசி நிறுத்திவிடுவார்கள். ஈரப்பூச்சு மாதத்துக்கு ஒரு 500 கிராம் டப்பா செலவானது. இந்த வயதில் உடல் முழுக்கக் கரப்பான் உள்ள குழந்தைக்கு வாரத்துக்கே 250 முதல் 500 கிராம் வரை வேண்டும்.

வீட்டில் அம்மம்மா இருந்தார். வாரம் இரண்டு முறை நல்லெண்ணெய் தேய்த்து, பயத்தம் மாவும் கடலை மாவும் கலந்து தேய்த்துக் குளிப்பாட்டுவார். தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது. ஆரோக்கியமான தோலில் இதனால் பெரும்பாலும் தீங்கு வருவதில்லை. வெடித்த தோலில் நிலைமை வேறு: தோலில் படும் உணவுப் பொருள் உள்ளே நுழைந்து ஒவ்வாமையைத் தொடங்கிவைக்கலாம். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது இதற்கு ஒரு சான்று. அதுவரை அவர்கள் ரொட்டி சாப்பிட்டு வந்தவர்கள்தான்.

குழந்தைக்குக் கரப்பான் இருந்ததால் கச்சான் (நிலக்கடலை) எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் அதே வீட்டில் வாரம் ஒருமுறையாவது கச்சான் வறுத்தார்கள், தோல் ஊதினார்கள், இடித்தார்கள். குழந்தை அந்தத் தரையில்தான் தவழ்ந்தது. வீட்டுத் தூசியில் உள்ள கச்சான் புரதம், தோலின் தடுப்புச்சுவரைக் கட்டும் ஃபிலாக்ரின் மரபணுவில் மாற்றம் உள்ள குழந்தைகளுக்கு ஒவ்வாமையைத் தூண்டும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று 2014இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். வாய் வழியாகப் போகும் உணவு உடலுக்குப் பழகுகிறது. தோல் வழியாக நுழையும் அதே உணவு எதிரியாகப் பதிவாகிறது. இந்தக் குழந்தைக்கு முதல் வழி அடைக்கப்பட்டு, இரண்டாம் வழி திறந்தே கிடந்தது.

பதின்மூன்றாம் மாதம்

உறவினர் கொண்டுவந்த கச்சான் அல்வாவில் விரல்நகம் அளவு துண்டு ஒன்று குழந்தையின் வாய்க்குப் போனது. ஆறு நிமிடத்தில் உதடு தடித்தது. பிறகு இருமல், இரண்டு முறை வாந்தி, மார்பில் விசில் சத்தம், உடல் துவண்டு நிறம் வெளிறியது. ஆம்புலன்ஸ் ஊழியர் தொடையின் வெளிப்பக்கத் தசையில் 150 மைக்ரோகிராம் அட்ரினலின் ஊசி போட்டார். கால்மணி நேரத்தில் மூச்சு சீரானது. ஒரு இரவு மருத்துவமனையில் கண்காணித்து, இரண்டு அட்ரினலின் பேனாக்களுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் பரிசோதனைகளில் கண்டவை

ஒவ்வாமைப் பிரிவில் ஊசிமுனைச் சோதனையில் கச்சானுக்கு 9 மி.மீ. தடிப்பு வந்தது. 8 மி.மீ. தாண்டினாலே உண்மையான ஒவ்வாமைக்கான வாய்ப்பு மிக அதிகம். இரத்தத்தில் கச்சானுக்கான ஐஜிஇ (ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்பொருள்) 21 அலகு. கச்சானின் முக்கியப் புரதமான அரா எச் 2க்கு 8.4. இங்கே ஐயத்துக்கு இடமில்லை.

குழப்பம் மற்ற எண்களில் இருந்தது. மொத்த ஐஜிஇ 1,850. இந்த வயதில் அது இரண்டு இலக்கத்தைத் தாண்டாமல் இருப்பதே இயல்பு. பால் 1.4, கோதுமை 2.1, மைசூர்ப் பருப்பு 3.0, மீன் 0.9, முட்டை வெள்ளை 6.2 என்று எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் காட்டியது. முட்டையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குழந்தை அதுவரை சிக்கலின்றிச் சாப்பிட்டுவந்தது. மொத்த ஐஜிஇ இவ்வளவு உயரும்போது தனித்தனி உணவுகளுக்கான சிறிய எண்கள் தாமாகவே ஏறும். அந்த எண் உடலில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். சாப்பிட்டால் என்ன ஆகும் என்று சொல்லாது.

கூடவே தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று ஆறு மாதத்தில் நான்கு முறை வந்திருந்தது.

முதல் மரபணு அறிக்கையும் அதன் விளைவும்

கடுமையான கரப்பான் என்பதால் ஃபிலாக்ரின் சோதனைக்கு இரத்தம் போனது. இந்த மரபணு 1ஆம் குரோமோசோமின் 1க்யூ21 பகுதியில் இருக்கிறது. தோலின் மேலடுக்கில் புரொஃபிலாக்ரின் என்ற நீண்ட புரதம் உருவாகி, ஃபிலாக்ரின் துண்டுகளாக வெட்டப்படுகிறது. அத்துண்டுகள் செல்லின் கட்டமைப்பை இறுக்கிய பிறகு மேலும் சிதைந்து, நீரைப் பிடித்துவைக்கும் சிறு மூலக்கூறுகளாகின்றன. செங்கல் சுவரின் சாந்தும், அச்சுவர் காயாமல் காக்கும் ஈரமும் ஒரே புரதத்திலிருந்து வருகின்றன. அது பாதியானால் தோல் உலர்கிறது, வெடிக்கிறது, வெளிப்பொருளை உள்ளே விடுகிறது. 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இர்வின் மக்லீன் குழுவினர் இந்த மரபணுவின் இரண்டு மாற்றங்களை மீன்செதில் தோல் நோயுடனும், பிறகு கரப்பானுடனும் இணைத்துக் காட்டினார்கள். ஒவ்வாமை மரபியலில் இதைவிட உறுதியான ஒற்றை மரபணுச் சான்று இன்றும் கிடையாது.

ஆய்வகம் தேடியவை இந்த மரபணுவின் நான்கு மாற்றங்கள் மட்டும்: ஆர்501எக்ஸ், 2282டெல்4, ஆர்2447எக்ஸ், எஸ்3247எக்ஸ். ஐரோப்பியரிடம் அடிக்கடி காணப்படும் நான்கும் இவைதான். முதல் இரண்டை மட்டுமே ஏறத்தாழ பத்தில் ஒரு ஐரோப்பியர் சுமக்கிறார். பதில்: "நான்கும் காணப்படவில்லை." அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், சிறிய எழுத்தில், மரபணுவின் மற்ற பகுதிகள் ஆராயப்படவில்லை என்ற வரியும் இருந்தது. அங்கிருந்து குடும்ப மருத்துவருக்குப் போன கடிதத்தில் அது "ஃபிலாக்ரின்: எதிர்மறை" என்று சுருங்கியது. மூன்றாவது கடிதத்தில் "தோல் தடுப்புச்சுவர்க் குறைபாடு விலக்கப்பட்டது" என்று வளர்ந்தது.

அதன்பின் நடந்தவை இந்த ஒரு வரியின் தொடர்ச்சி. தோல் காரணமில்லை என்றால் நோய் எதிர்ப்பு மண்டலத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று சந்தேகம் திரும்பியது. உயர்ந்த ஐஜிஇயும் திரும்பத் திரும்ப வந்த தொற்றும் அதற்குத் துணைநின்றன. ஸ்டாட்3, டாக்8, கார்ட்11 முதலிய மரபணுக்களைப் பார்க்க எக்ஸோம் வரிசைப்படுத்தலுக்கு (எல்லா மரபணுக்களின் புரதக் குறியீட்டுப் பகுதிகளையும் படிக்கும் சோதனை) அனுப்பப்பட்டது. டாக்8 குறைபாடு உயிருக்கு ஆபத்தானது என்பதால் அந்தச் சந்தேகம் தவறென்று சொல்ல முடியாது. பிழை, அதற்கிடையே உணவில் கைவைத்தது. பால், கோதுமை, பருப்பு, மீன், முட்டை ஐந்தும் நிறுத்தப்பட்டன. குழந்தை சோறும் சில காய்களும் வாழைப்பழமும் தின்றது. ஏழு மாதத்தில் எடை, வளர்ச்சி வரைபடத்தின் 50ஆம் நூற்றுமானக் கோட்டிலிருந்து 9ஆம் கோட்டுக்கு இறங்கியது. கரப்பான் சற்றும் குறையவில்லை.

எக்ஸோம் முடிவு நான்கு மாதம் கழித்து வந்தது: நோயை விளக்கும் மாற்றம் எதுவும் இல்லை.

உள்ளங்கையைப் பார்த்த நாள்

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தபோது வேறொரு பிரிவுக்கு மாற்றப்பட்டது. அங்கே தோல் மருத்துவர் முதலில் கேட்டது குழந்தையின் கையை. உள்ளங்கையில், கட்டைவிரல் மேட்டில், நுண்ணிய ரேகைகள் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ஒரு முதியவரின் கைபோல் இருந்தது. கெண்டைக்காலின் முன்புறம் சாம்பல்நிறச் செதில்கள், ஓரம் சற்று தூக்கியபடி. மேற்கையின் வெளிப்புறம் தடவினால் ரவை கொட்டியதுபோல் சொரசொரப்பு. பிறகு தந்தையின் கையை விரிக்கச் சொன்னார். அதே ரேகைகள்.

"எங்கட வீட்டில எல்லாருக்கும் இப்படித்தான் டொக்டர். பனிக்காலத்தில கால் வெடிக்கும், அவ்வளவுதான்" என்றார் தந்தை. அவருக்கு வைக்கோல் காய்ச்சல் (மகரந்த ஒவ்வாமை) உண்டு. அவருடைய தங்கைக்கு ஆஸ்துமா. தாயின் தோலும் கையும் இயல்பாக இருந்தன.

நெருங்கிய ரேகை, கெண்டைக்கால் செதில், மேற்கைச் சொரசொரப்பு மூன்றும் சேர்ந்தால் ஃபிலாக்ரின் குறைபாட்டின் முகம் அது. தந்தையிடமிருந்து மகளுக்கு இறங்கியிருப்பது, ஒரு பிரதி கெட்டாலே அடையாளம் தெரியும் அரை-ஓங்கு மரபுவழிக்குப் பொருந்துகிறது. ஆகவே எடுத்த முடிவு: புதிய சோதனைக்கு முன், ஏற்கெனவே கையில் இருக்கும் எக்ஸோம் மூலத் தரவைத் திரும்பத் திறந்து பார்ப்பது. இந்தப் படிக்குக் குழந்தையிடம் இன்னொரு சொட்டு இரத்தம்கூட எடுக்க வேண்டியதில்லை.

பழைய தரவைத் திரும்ப வாசித்தல்

எக்ஸோமில் ஃபிலாக்ரின் வரிசை இருந்தது. யாரும் படிக்காததற்கு அடுத்தடுத்து மூன்று சல்லடைகள் காரணம்.

முதல் சல்லடை மரபணுப் பட்டியல். ஆய்வுக்கூடம் நோய் எதிர்ப்புக் குறைபாட்டுக்கான மரபணுக்களை மட்டும் பார்த்தது. ஃபிலாக்ரின் தோல் மரபணு. அந்தப் பட்டியலில் இல்லை.

இரண்டாவது, அரிதான மாற்றங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் வடிகட்டி. கடுமையான பரம்பரை நோய்க்குப் பொதுவாக மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் மாற்றங்களைத் தள்ளிவிடுவார்கள். ஃபிலாக்ரினுக்கு இந்த விதி பொருந்தாது. ஐரோப்பியரிடம் இதன் முக்கிய மாற்றங்களே ஒரு சதவீதத்தைத் தாண்டுபவை. இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஆர்501எக்ஸ்கூடக் குப்பைக்குப் போய்விடும்.

மூன்றாவதுதான் தொழில்நுட்ப ரீதியில் மோசமானது. ஃபிலாக்ரினின் மூன்றாம் எக்ஸான் (மரபணுவில் புரதக் குறியீடு உள்ள துண்டு) 12,000 எழுத்துக்கும் மேல் நீளமானது. அதில் 972 எழுத்து கொண்ட ஒரு பகுதி, பத்து, பதினொன்று அல்லது பன்னிரண்டு முறை திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொன்றும் மற்றொன்றின் அச்சு என்றே சொல்லலாம். எக்ஸோமில் டிஎன்ஏ 150 எழுத்துத் துண்டுகளாகப் படிக்கப்படுகிறது. பல்லவி பதினொரு முறை வரும் பாட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு துண்டைக் கையில் எடுத்து, இது எத்தனையாவது பல்லவி என்று கேட்டால் எப்படிச் சொல்வது? கணினியும் அதையே செய்கிறது: துண்டு இரண்டு இடங்களுக்குச் சமமாகப் பொருந்தினால் ஏதோ ஓரிடத்தில் வைத்துவிட்டு, "இடம் நிச்சயமில்லை" என்று பொருத்தத் தரத்துக்குச் சுழியம் போடுகிறது. அடுத்த படியில் தரம் 20க்குக் குறைந்த துண்டுகள் கழிக்கப்படுகின்றன. இந்தக் குழந்தையின் எக்ஸோமில் சராசரி ஆழம் (ஓரிடத்தை மூடும் துண்டுகளின் எண்ணிக்கை) 95 என்று அறிக்கை பெருமையாகச் சொன்னது. கழித்தபின் மூன்றாம் எக்ஸானின் சில பகுதிகளில் ஆறோ ஏழோ துண்டுகளே மிஞ்சின. சராசரி எண் இதைக் காட்டிக்கொடுக்காது.

ஆகவே செய்தவை: முதலில் மூலத் துண்டுகளைப் ஒப்பீட்டுக்கான புதிய மனித மரபணுத்தொகுதியின் மீது மீண்டும் பொருத்தினார்கள். ஃபிலாக்ரினுக்கு மட்டும் பொருத்தத் தர வடிகட்டியை நீக்கினார்கள். கிடைத்த மாற்றங்களில் புரதத்தை நடுவில் நிறுத்துபவற்றையும் வாசிப்புச் சட்டத்தைக் குலைப்பவற்றையும் மட்டும் தனியே எடுத்தார்கள். ஒவ்வொன்றையும் ஐஜிவி என்ற இலவச மென்பொருளில் கண்ணால் பார்த்தார்கள். இடம் நிச்சயமான துண்டுகள் அதில் சாம்பல் நிறத்தில் தெரியும். தரம் சுழியமானவை வெற்றுக் கட்டங்களாக, வெள்ளையாகத் தெரியும்.

வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த ஓரிடத்தில் 61 துண்டுகளில் 14இல், சி இருக்க வேண்டிய இடத்தில் ஜி இருந்தது. டிசிஏ என்ற மூன்றெழுத்து டிஜிஏ ஆகியிருந்தது. முன்னது செரின் என்ற அமினோ அமிலம், பின்னது முற்றுப்புள்ளி. 2889ஆம் இடத்தில் புரதம் முடிந்துவிடுகிறது: எஸ்2889எக்ஸ். ஜப்பானிய நோயாளிகளிடம் 2008இலேயே பதிவானது. இந்திய நோயாளிகளிடமும் காணப்பட்டது. ஐரோப்பிய நான்கில் இது சேராது.

14/61 என்பது 23 சதவீதம். ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் இருந்தால் ஏறத்தாழப் பாதி இருக்க வேண்டும். இங்கேதான் அவசரப்பட்டால் ஏமாறலாம். குறைந்த விகிதத்தைப் பார்த்து "வரிசைப்படுத்தல் பிழை" என்று தள்ளுவது வழக்கம். ஆனால் மற்ற பல்லவிகளைச் சேர்ந்த, சி எழுத்துள்ள துண்டுகள் தவறி இங்கே வந்து அமர்ந்தால் விகிதம் இப்படித்தான் நீர்த்துப்போகும். இரண்டு விளக்கமும் சாத்தியம் என்பதால் எதையும் குடும்பத்திடம் சொல்லவில்லை. வேறு முறையில் உறுதிசெய்யும்வரை காத்திருப்பது என்று முடிவானது.

உறுதிசெய்தல்

துண்டு சிறியது என்பதால் வந்த சிக்கல்; ஆகவே துண்டாக்காமல் மூன்றாம் எக்ஸான் முழுவதையும் ஒரே நீளமாகப் பெருக்கி, நானோபோர் கருவியில் முழுநீளமாகப் படிப்பது திட்டம். பெருக்கலைத் தொடங்கிவைக்கும் முன்னோடித் துணுக்குகள் இரண்டும் எக்ஸானுக்கு வெளியே, வேறெங்கும் இல்லாத வரிசையில் அமைக்கப்பட்டன. பெற்றோர், குழந்தை மூவரிடமும் ஈடிடிஏ குழாயில் புதிய இரத்தம் எடுக்கப்பட்டது.

முதல் முயற்சி தோற்றது. டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரை 35 சுழற்சி முடித்து, துண்டுகளை நீளப்படி பிரிக்கும் 0.7 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டபோது, மேலே ஒற்றைக் கோடாக நிற்க வேண்டிய இடத்தில் ஏணிப்படிபோல் கோடுகள், ஒவ்வொன்றும் சுமார் ஓராயிரம் எழுத்து இடைவெளியில். இந்த ஏணியைப் பார்த்தவுடன் காரணம் சொல்லிவிடலாம். பாதியில் நின்ற ஒரு பிரதி, அடுத்த சுழற்சியில் தவறான பல்லவியில் ஒட்டிக்கொண்டு அங்கிருந்து வளர்கிறது. இடையிலுள்ள பல்லவிகள் தொலைந்துபோகின்றன. சுழற்சி கூடக்கூட இந்தக் கலப்பினங்கள் பெருகும். இதை வரிசைப்படுத்தினால் உடலில் இல்லாத மரபணு வடிவங்கள் (அல்லீல்கள்) எல்லாம் கிடைக்கும்.

இரண்டாம் முயற்சியில் சுழற்சி 26ஆகக் குறைக்கப்பட்டது. 68 பாகையில் நீட்டிப்பு நேரம் 15 நிமிடம், எந்தப் பிரதியும் பாதியில் நிற்காதபடி. டிஎன்ஏ அளவு 100 நானோகிராம். டிஎன்ஏ உடையாமலிருக்க வோர்டெக்ஸ் கருவியில் குலுக்காமல், வாய் அகன்ற பிப்பெட் முனையால் மெதுவாக எடுத்தார்கள். இம்முறை மேலே அடர்த்தியான கோடு. கீழே மங்கலான நிழல் மட்டும். 11,500 எழுத்துக்குக் குறைந்த துண்டுகள் அனைத்தும் கணினியில் கழிக்கப்பட்டன.

மிஞ்சிய துண்டுகள் இரண்டு குழுவாகத் தெளிவாகப் பிரிந்தன. பத்துப் பல்லவி கொண்ட பிரதியில் எஸ்2889எக்ஸ் இருந்தது. பதினொரு பல்லவி கொண்ட பிரதியில் இல்லை. விகிதம் 56க்கு 44. குட்டையான பிரதி பிசிஆரில் சற்று அதிகமாகப் பெருகும் என்பதால் இந்தச் சாய்வு எதிர்பார்த்ததே. தந்தையிடம் அதே பத்துப் பல்லவிப் பிரதி, அதே மாற்றத்துடன். தாயிடம் பதினொன்றும் பன்னிரண்டும், மாற்றம் இல்லை. பல்லவி எண்ணிக்கை குறையக் குறைய ஃபிலாக்ரின் அளவும் குறையும், கரப்பான் வாய்ப்பு சற்றுக் கூடும் என்பது 2012இலிருந்தே தெரியும். பத்து என்பது மிகக் குறைந்த எண்ணிக்கை. ஆனால் இங்கே அந்தப் பிரதியே முற்றுப்புள்ளியால் கெட்டுவிட்டதால் அந்த எண்ணிக்கைக்குத் தனியே பொருள் இல்லை.

ஒரு போலி எச்சரிக்கையும் வந்தது. வேறோர் இடத்தில் ஒரே எழுத்து வரிசையாக வரும் பகுதியில் ஓரெழுத்து விடுபட்டதாக மூன்றில் ஒரு பங்கு துண்டுகள் காட்டின. அது உண்மையாக இருந்தால் குழந்தைக்கு இரண்டு பிரதியும் கெட்டிருக்கும்; நோய்க் கணிப்பே மாறிவிடும். டிஎன்ஏயின் ஒரு இழையில் படித்த துண்டுகளில் மட்டுமே அது தெரிந்தது, எதிர் இழையில் இல்லை. நானோபோரின் பழக்கமான பிழை அது. சாங்கர் என்ற வேறொரு வரிசைப்படுத்தல் முறையில் சரிபார்த்து விலக்கினார்கள்.

தந்தைக்கு ஏன் வரவில்லை

முடிவைச் சொன்னபோது தாய் கேட்ட முதல் கேள்வி இது. தந்தைக்கு அதே எழுத்துப்பிழை உண்டு. அவர் சிறுவயதிலிருந்து கச்சான் தின்று வளர்ந்தவர்.

ஃபிலாக்ரின் மாற்றம் கச்சான் ஒவ்வாமையின் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது என்று 2011 ஆய்வு காட்டியது. ஆனால் மாற்றம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கச்சான் ஒவ்வாமை வருவதே இல்லை. மரபணு கதவைத் திறந்துவிடுகிறது. எது எப்போது உள்ளே வருகிறது என்பது வேறு கணக்கு. தந்தை ஈரப்பதம் மிகுந்த யாழ்ப்பாணக் காற்றில் வளர்ந்தவர். கச்சானை இளவயதிலேயே வாய் வழியாகக் கண்டவர். மகள் ஹீட்டர் ஓடும் உலர்ந்த அறையில், சுண்ணாம்பு மிகுந்த லண்டன் குழாய்நீரில் குளித்து வளர்ந்தாள். குழாய்நீரின் மீதே முழுப் பழியையும் போட முடியாது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரும் சுண்ணக்கல்லிலிருந்து வரும் கடினநீர்தான். தாயிடமிருந்து மகளுக்கு வந்த மற்ற மரபணுக்களும் இருக்கின்றன. கச்சான் ஒவ்வாமைக்கு 6ஆம் குரோமோசோமின் எச்எல்ஏ பகுதியோடு தொடர்பு உண்டு. ஆஸ்துமா, வைக்கோல் காய்ச்சல், கரப்பான் மூன்றுக்கும் பொதுவாக 136 மரபணு மாற்றங்களை 2017இல் ஒரு பெரிய ஆய்வு கண்டது. அதில் பங்கேற்ற 3,60,838 பேரும் ஐரோப்பிய வழியினர். அந்த எண்களைக் கூட்டி இந்தக் குழந்தைக்கு ஒரு அபாயப் புள்ளி போட்டுத் தர முடியுமா என்று தந்தை கேட்டார். வேண்டாம் என்பதே பதில். ஐரோப்பியரிடம் அளந்த எடைகளைத் தமிழர் மீது வைத்தால் வரும் எண், சரியா தவறா என்று சோதிக்கக்கூட வழியில்லாத எண்.

இதில் வருத்தமான ஒன்று உண்டு. 1000 மரபணுத்தொகுதிகள் திட்டத்தின் 26 மக்கள் குழுக்களில் ஒன்று "ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்". அந்தச் சமூகத்தைச் சேர்ந்த சுமார் நூறு பேரின் முழு மரபணுத்தொகுதி 2015 முதல் எவரும் இலவசமாகத் தரவிறக்கும்படி கிடக்கிறது. அந்த ஊரிலேயே, அந்தச் சமூகத்தின் ஒரு குழந்தைக்கு நான்கு ஐரோப்பிய எழுத்துகளை மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்று எழுதினார்கள்.

எடுத்த முடிவுகள்

எதிர்ப்பு மண்டலக் கோளாறைத் தேடும் சோதனைகள் நிறுத்தப்பட்டன. சுவர் ஓட்டையாக இருப்பதே உயர்ந்த ஐஜிஇக்கும் தோல் தொற்றுக்கும் போதுமான விளக்கம்.

உணவு திரும்பியது. முன்பு சிக்கலின்றிச் சாப்பிட்ட பால், கோதுமை, பருப்பு, மீன் நான்கையும் மருத்துவமனைப் பகல்நேரப் பிரிவில் ஒவ்வொன்றாக, சிறு அளவிலிருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நீண்ட நாள் நிறுத்திய உணவை வீட்டில் திடீரென்று கொடுத்தால், எதிர்ப்பொருள் உள்ள குழந்தைக்குப் புதிதாகக் கடும் எதிர்வினை வர வாய்ப்புண்டு. நான்கிலும் ஒன்றும் ஆகவில்லை. முட்டை மட்டும் கேக்கில் வெந்த வடிவில் தொடங்கியது. கச்சான் தடை தொடர்ந்தது.

தோலுக்கான திட்டம் எழுதிக் கொடுக்கப்பட்டது. ஈரப்பூச்சு வாரம் 400 கிராம், நாளுக்கு நான்கு முறை, தேய்க்காமல் முடி வளரும் திசையில் வழித்துவிடுவது. டப்பாவுக்குள் விரல் விடாமல் சுத்தமான கரண்டியால் எடுப்பது. விரல் போகும் டப்பாவில் ஸ்டஃபைலோகாக்கஸ் குடியேறும். ஸ்டீராய்டு களிம்பு விரல்நுனி அளவுக் கணக்கில்: பெரியவரின் சுட்டுவிரல் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம், அது விரல்களையும் சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குப் போதும். சிவப்பு மறைந்த பிறகும், அடிக்கடி வெடிக்கும் இடங்களில் வாரம் இரண்டு நாள் தொடர்வது. நல்லெண்ணெய், பயத்தம் மா, கடலை மா மூன்றும் குளியலறையிலிருந்து விடைபெற்றன. அம்மம்மாவிடம் இதைச் சொல்லும்போது குற்றம்சாட்டும் தொனி வரக்கூடாது என்று குழு கவனமாக இருந்தது; அவர் செய்தது அன்பினால், தனக்குத் தெரிந்த நல்ல முறையில்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்த செவிலியர் கண்டுபிடித்த ஒரு ஆபத்தையும் எழுத வேண்டும். சாமி அறையில் குத்துவிளக்கு, மாலையில் கற்பூரம். ஈரப்பூச்சு ஊறிய பருத்தி ஆடை உலர்ந்த பிறகும் சட்டென்று தீப்பற்றும். துவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. 2018இலேயே பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்திருக்கிறது. விளக்கு உயரமான தட்டுக்கு மாறியது.

வீட்டில் கச்சான் வறுப்பது நின்றது.

தம்பி

இதற்கிடையே தாய் மீண்டும் கருவுற்றிருந்தார். பிறக்கும் குழந்தைக்கும் மாற்றம் இருக்குமா, தொப்புள்கொடி இரத்தத்தில் பார்க்கலாமா என்று கேட்டார்கள். வாய்ப்பு இரண்டில் ஒன்று. சோதிப்பதில்லை என்று பேசி முடிவானது. முடிவு எதுவானாலும் செய்யப்போவது ஒன்றே: தோலைப் பார்ப்பது, கரப்பான் தொடங்கினால் அன்றே அடக்குவது, கச்சானை இளவயதிலேயே வாய் வழியாகக் கொடுப்பது. கரப்பான் வராமலிருக்கப் பிறந்த நாளிலிருந்தே ஈரப்பூச்சு பூசலாமா என்றால், 2020இல் 1,394 குழந்தைகளிடம் நடந்த பீப் ஆய்வில் அதனால் பலன் தெரியவில்லை. கச்சான் விஷயத்தில் சான்று வலுவானது. 2015இல் வெளியான லீப் ஆய்வில், 4 முதல் 11 மாதத்துக்குள் தொடங்கி ஐந்து வயதுவரை கச்சான் தின்ற அபாயக் குழந்தைகளில் ஒவ்வாமை 3.2 சதவீதம், தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம்.

தம்பிக்கு நான்காம் மாதம் லேசான கரப்பான் வந்தது. ஒரு வாரத்தில் அடங்கியது. ஐந்தாம் மாதம் ஊசிமுனைச் சோதனையில் கச்சானுக்குத் தடிப்பு இல்லை. அன்றிலிருந்து வாரம் மூன்று முறை, மொத்தம் 6 கிராம் கச்சான் புரதம் சேரும்படி, மென்மையான கச்சான் பசையை வெந்நீரில் கரைத்துக் கொடுத்தார்கள். முழுக் கச்சான் கொடுத்தால் மூச்சுக்குழலில் சிக்கும். அக்காவின் பாதுகாப்புக்காக இந்த ஊட்டல் அவள் பாலர் பள்ளியில் இருக்கும் நேரத்தில் மட்டும். தனிக் கரண்டி, தனிக் கிண்ணம், ஊட்டி முடித்ததும் சோப்பால் கைகழுவி மேசையைத் துடைப்பது. கைச் சுத்திகரிப்பு ஜெல் கச்சான் புரதத்தை அகற்றாது.

விளைவு

ஐந்து மாதத்தில் எடை 25ஆம் கோட்டுக்கு ஏறியது. கரப்பானின் கடுமையைக் காட்டும், பெற்றோர் நிரப்பும் போயம் மதிப்பெண் 28க்கு 24ஆக இருந்தது 9 ஆனது. தொற்று ஓராண்டில் ஒருமுறை மட்டும். கடுமையான கரப்பானுக்கான டுபிலுமாப் ஊசி பற்றிப் பேச்சு எழுந்தது. இந்த முன்னேற்றத்துக்குப் பிறகு தேவைப்படவில்லை. கச்சான் ஒவ்வாமை அப்படியே இருக்கிறது: மூன்றரை வயதில் தடிப்பு 10 மி.மீ. தோலைச் சரிசெய்ததால் ஏற்கெனவே வந்த ஒவ்வாமை போய்விடாது. கச்சானை மிகச் சிறிய அளவிலிருந்து கொடுத்து உடலைப் பழக்கும் வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை பற்றி அடுத்த ஆண்டு பேசலாம் என்று ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

எதை மாற்றுவது

ஆய்வகம் தன் அறிக்கையின் முதல் வரியை மாற்றியிருக்கிறது. "நான்கும் காணப்படவில்லை" என்பதற்குக் கீழே, அதே எழுத்தளவில்: "ஐரோப்பியர் அல்லாதவரிடம் இம்முடிவு ஃபிலாக்ரின் குறைபாட்டை விலக்காது." தெற்காசிய, கிழக்காசியக் குடும்பங்களுக்கு நான்கெழுத்துச் சோதனையையே விட்டுவிட்டு நேராக முழு எக்ஸான் சோதனைக்குப் போகலாம்.

எக்ஸோமை வாசிக்கும் குழுக்கள் சராசரி ஆழத்துக்குப் பதிலாக, ஒவ்வொரு மரபணுவிலும் பொருத்தத் தரம் கழித்தபின் மிஞ்சும் ஆழத்தை எழுத வேண்டும். கரப்பானுக்காக வரும் எந்த எக்ஸோமிலும் ஃபிலாக்ரினுக்கு அரிதான மாற்ற வடிகட்டி போடக்கூடாது.

மருத்துவக் கடிதங்களில் மரபணு முடிவைச் சுருக்காமல், என்ன தேடப்பட்டது என்பதையும் சேர்த்து நகலெடுக்க வேண்டும். உணவை நிறுத்துமுன் "இதைச் சாப்பிட்டு என்ன ஆனது?" என்ற கேள்விக்குப் பதில் எழுதியிருக்க வேண்டும், ஐஜிஇ எண் அதற்கு மாற்றாகாது. இதில் எதுவும் செய்ய முடியாத சிறு மருத்துவமனையிலும், குழந்தையின் உள்ளங்கையையும் பெற்றோரின் உள்ளங்கையையும் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

ஒன்று இன்னும் முடியவில்லை. தந்தையின் தங்கைக்கும் இதே மாற்றம் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவருக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "பரம்பரை நோய்" என்ற சொல் ஊருக்குள் பரவிவிடும் என்று தந்தை அஞ்சினார். அந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. குழு ஒரு கடிதம் எழுதித் தந்தையிடமே கொடுத்தது: பெயர் இல்லை, நோயின் பெயர் தலைப்பில் இல்லை, உலர்ந்த தோலும் ஆஸ்துமாவும் இருந்தால் எதைக் கவனிக்க வேண்டும், எங்கே வரலாம் என்று மட்டும். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் விருப்பம். கொடுத்துவிட்டதாக ஆறு மாதம் கழித்துச் சொன்னார். அத்தை இன்னும் வரவில்லை.